வாரியமா, சங்கமா, சொசைட்டியா? வீட்டிலிருந்தே கூலி வேலை செய்யும் வேலூர்ப் பெண்களுக்கு எது உதவும்?

வட ஆற்காட்டுப் பக்கம் வீட்டில் இருந்தபடி கூலி வேலை செய்கிற பெண்களிடம் மூன்று பேர் மூன்று யோசனை சொல்கிறார்கள். "நல வாரியத்துல கார்டு போட்டுடுங்கம்மா" என்கிறார் இ-சேவை மையத்துக்காரர். "சங்கத்துல சேருங்க" என்கிறார் கொடி கட்டிய வண்டியில் வருகிற தோழர். "குழுவாச் சேர்ந்து லோன் எடுத்து நீங்களே தொழில் பண்ணலாமேக்கா" என்கிறார் மகளிர் திட்டத்திலிருந்து வருகிற பெண். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் சொல்கிற வழியில் கிடைப்பது இன்னொருவர் சொல்கிற வழியில் கிடைக்காது. இதை யாரும் அந்தப் பெண்களிடம் விளக்குவதில்லை. கார்டு போட்டவர் கூலி உயரும் என்று காத்திருக்கிறார். லோன் எடுத்தவர் அதே ஏஜென்டிடம் அதே ரேட்டுக்கு வேலை வாங்கி அந்த லோனை அடைக்கிறார்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும் மூலப்பொருள் யாருடையது?

பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றுகிறவர்களுக்கு இலையும் தூளும் கம்பெனியிலிருந்து கான்ட்ராக்டர் வழியாக வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூவின் அப்பரை, அதாவது மேல்பாகத்தை, கையால் தைப்பவர்களுக்குத் தோலை வெட்டி, துளை போட்டு ஏஜென்ட் கொண்டுவந்து கொடுக்கிறார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஊதுபத்தி உருட்டுபவர்களுக்கு மாவும் குச்சியும் வருகிறது. இவர்கள் யாரும் 'சொந்தத் தொழில்' செய்யவில்லை. வேலை நடக்கிற இடம் அவர்கள் வீடு, அவ்வளவுதான். வாடகை, கரண்ட் பில், உட்கார இடம் எல்லாம் முதலாளிக்கு இலவசம். மாறாக, அப்பளம் போட்டு விற்கிறவர், சொந்த மெஷினில் அக்கம்பக்கத்தாருக்கு பிளவுஸ் தைக்கிறவர், மசாலாப்பொடி அரைத்து விற்கிறவர் எல்லாம் வேறு வகை. அவர்களுக்கு முதலாளி கிடையாது, வாடிக்கையாளர்தான் உண்டு.

முதல் வகைப் பெண்களையும் இரண்டாம் வகையில் தள்ளிவிடத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அதற்குப் பல உத்திகள் உண்டு. பீடியில் ரொம்பப் பழைய ஒன்று, இலையையும் தூளையும் 'விற்பது', பீடியைத் திரும்ப 'வாங்குவது'. தாளில் பார்த்தால் அந்த அக்கா ஒரு வியாபாரி. வியாபாரிக்கு ஏது பி.எஃப்., ஏது விடுப்புச் சம்பளம்?

சட்டம் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடத் தெளிவாகவே இருந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டமே, பொருளை வாங்கிப்போய்த் தன் வீட்டில் வைத்து முடித்துத் தருபவரையும் தொழிலாளி என்ற வரையறைக்குள் வைத்தது. 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் பீடி சுற்றுபவரையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. கம்பெனிகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின; 1974இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. வீட்டில் சுற்றுபவருக்கும் பி.எஃப். உண்டு என்பது 1985இல் பி.எம். பட்டேல் வழக்கில் உறுதியானது.

பீடி அல்லாத வேலைக்கும் உதவக்கூடிய தீர்ப்பு ஒன்று உண்டு. 1973இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு. பீஸ் ரேட்டில் தைப்பவர்கள், சில நேரம் துணியை வீட்டுக்கும் எடுத்துப்போகிறவர்கள் அந்தக் கடையின் தொழிலாளிகளா என்பது கேள்வி. ஆமாம் என்றது உச்ச நீதிமன்றம். தைத்தது சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் மறுபடி தைக்கச் சொல்லவும் கடைக்காரருக்கு அதிகாரம் இருக்கிறதே, அதுவே அவர் முதலாளி என்பதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டது. நம் பெண்கள் அதிகம் புலம்புவது 'கழிவு' பற்றித்தான். ஆயிரம் பீடிக்கு இத்தனை கட்டு கழிவு, பத்து ஜோடியில் ஒரு ஜோடி ரிஜெக்ட். வயிற்றில் அடிக்கிற அந்தக் கழிவுதான் சட்டத்தின் கண்ணில் அவர்களுக்குச் சாட்சி. கழித்த கட்டுகளை எண்ணித் தேதியோடு எழுதி வையுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்: நல வாரியம், தொழிற்சங்கம், சொசைட்டி என்று நாம் சொல்கிற கூட்டுறவுச் சங்கம்.

வாரியம்

எளிதான வழி இதுதான். 1982ஆம் ஆண்டு தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தொழில்வாரியாகப் பல நல வாரியங்கள் இருக்கின்றன. காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கு ஒன்று, தையல் தொழிலாளர்களுக்கு ஒன்று, கைத்தறிக்கு ஒன்று. 18 வயதிலிருந்து 60 வரை சேரலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, கல்யாண உதவி, பிரசவ உதவி, கண்ணாடி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை, 60க்கு அப்புறம் ஓய்வூதியம். ஆன்லைனில் பதியலாம். இந்த வேலைதான் செய்கிறார் என்று ஒரு சான்று வேண்டும்.

பிள்ளை காலேஜில் இருக்கும் வீட்டுக்கு இந்தப் பணம் பெரிய காரியம். வேண்டாம் என்று யாரையும் சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கார்டில் முதலாளி என்று ஒருவர் கிடையாது. கூலி குறைவு என்று வாரியத்திடம் முறையிட முடியாது; அது அதன் வேலையே இல்லை. உங்களை வேலை வாங்கியவர் தர வேண்டியதை அரசு கொஞ்சம் தருகிறது, அவர் நிம்மதியாக இருக்கிறார்.

மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் இதே ஜாதிதான். 2021 ஆகஸ்ட் 26இல் தொடங்கியது. 16 முதல் 59 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 12 இலக்க எண் தருகிறார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அதில் சேர முடியாது. இந்த விதியை ஏஜென்டுகள் பிடித்துக்கொள்கிறார்கள். "பி.எஃப். எல்லாம் எதுக்குக்கா, கைக்கு வர்ற காசுல பிடிப்பாங்க. இ-ஷ்ரம் போட்டு, 60 வயசுல 3,000 பென்ஷன் வர்ற திட்டத்துல சேர்ந்துக்கோங்க" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் 60 வயதுக்கு மேல் மாதம் 3,000 ரூபாய் என்பது உண்மை. 18இலிருந்து 40 வயதுக்குள் சேர வேண்டும். 29 வயதில் சேர்ந்தால் மாதம் 100 ரூபாய் கட்ட வேண்டும், அதே அளவு அரசு போடும். பீடி சுற்றும் பெண்களில் எத்தனை பேர் 40க்குக் கீழே? அதுதான் முதல் சிக்கல்.

இரண்டாவது, பி.எஃப். கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. பீடித் தொழிலுக்குப் பி.எஃப். விகிதம் 12 அல்ல, 10 சதவீதம். மாதக் கூலி 5,000 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் பிடிப்பது 500, கம்பெனி தன் பங்காகப் போட வேண்டியது 500. கம்பெனி பங்கில் பெரும் பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். 10 வருடம் முழுதாக இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத் தகுதி உண்டு. 15 வருடம் வேலை என்றால் 5,000ஐ 15ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 1,071 ரூபாய். குறைந்தபட்சம் 1,000 என்று 2014 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. 3,000க்கு முன்னால் சின்னத் தொகைதான். ஆனால் இதோடு பி.எஃப். சேமிப்பும் வட்டியோடு வரும்; கணவர் இறந்த பிறகு குடும்பம் தாங்கும் பெண் போய்விட்டால் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பெயருக்கு நேரே ஒரு கம்பெனியின் பெயர் அரசு ஏட்டில் ஏறிவிடுகிறது. ஏஜென்டுக்குக் கசப்பது அந்த 500 மட்டுமல்ல, இந்தப் பெயர்தான். நாளைக்குக் கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம், பிரசவச் சலுகை என்று எதைக் கேட்டாலும் அந்த ஒரு வரி போதும்.

பீடிக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. 1976இல் ஏற்பட்ட பீடித் தொழிலாளர் நல நிதி. மருந்தகம், பிள்ளைகளுக்கு உதவித்தொகை, வீடு கட்ட மானியம் எல்லாம் அதன் வழியாக வந்தவை. பீடி மீது வாங்கிய நலவரி 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நின்றுபோனது, இப்போது பட்ஜெட் பணத்தை நம்பி இருக்கிறது. ஆனாலும் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இல்லாதவர்கள் உடனே வாங்கிக்கொள்வது நல்லது.

சங்கம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சங்கம் என்றதுமே வீட்டில் இருக்கும் ஆம்பளைகள் முகம் மாறுகிறது, பெண்களுக்கும் ஒரு பயம்.

1972இல் அகமதாபாத்தில் இலா பட், வீட்டிலும் தெருவிலும் சுயமாக உழைக்கும் பெண்களுக்கான 'சேவா' சங்கத்தைப் பதியப் போனபோது தொழிலாளர் துறை மறுத்தது. இந்தப் பெண்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்று கேட்டது. யாரையும் எதிர்ப்பதற்காக மட்டும் சங்கம் இல்லை, தொழிலாளிகள் ஒன்றாக இருப்பதற்காகத்தான் சங்கம் என்று வாதாடி அவர் பதிவு வாங்கினார். நம் ஊரில் இன்றைக்கும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். முக்கியமாக அப்பர் தைக்கும் பெண்கள் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள்: "எங்களுக்கு யாருங்க முதலாளி? அந்தப் பையன் வண்டியில வந்து போட்டுட்டுப் போறான், அவ்வளவுதான் தெரியும்." எந்த ஃபேக்டரிக்குப் போகிறது, எந்த நாட்டுக்குப் போகிறது, கடையில் என்ன விலை, ஒன்றும் தெரியாது.

ஃபேக்டரியில் சங்கம் வைப்பதற்கும் வீட்டு வேலைக்காரர்கள் சங்கம் வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஃபேக்டரியில் ஒருவரை நிறுத்தினால் சீட்டு வேண்டும், காரணம் வேண்டும், கேட்டில் நூறு பேர் பார்க்கிறார்கள். வீட்டு வேலையில் யாரையும் நிறுத்தவே வேண்டாம். அடுத்த நாள் சரக்கு வராது. கேட்டால் "ஆர்டர் இல்லைக்கா". அதே நேரம் பக்கத்துத் தெருவுக்கு மூட்டை போகும். இதைச் சட்டத்தின் முன் நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம். பத்துப் பேர் ஒரு தெருவில் கூடி ரேட் கேட்டால், பத்துப் பேருக்கும் ஒரு மாதம் பட்டினிதான் மிச்சம். முன்பணம் வாங்கியிருந்தால் வாயைத் திறக்கவே முடியாது. 1990களில் இதே வட ஆற்காட்டில் பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளைகள் பீடி சுற்றிக் கழித்த கொடுமை நடந்தது. அந்த அளவுக்கு இன்று இல்லை என்றாலும், முன்பணம் கட்டிப்போடுவது மாறவில்லை.

அதனால்தான் தெருவுக்கு ஒரு சங்கம் உதவாது. அதே ஏஜென்டிடம் வாங்கும் எல்லாத் தெருக்களும், முடிந்தால் அதே கம்பெனிக்கு வேலை செய்யும் எல்லா ஏஜென்டுகளின் ஆட்களும் ஒரே சங்கத்தில் இருக்க வேண்டும். ஏஜென்ட் சரக்கைத் திருப்பிவிட இன்னொரு தெரு இருக்கக் கூடாது. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் இங்கே ஒரு புதுத் தலைவலி: பேரணாம்பட்டு வேலூர் மாவட்டம், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், மேல்விஷாரம் இராணிப்பேட்டை மாவட்டம். தைப்பது ஒரு மாவட்டம், ஃபேக்டரி இன்னொரு மாவட்டம். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அடுத்ததைக் கை காட்டுகிறார்கள். இதையெல்லாம் தனி ஆளாக அலைந்து முடிக்க முடியாது. பஸ் காசும் ஒரு நாள் கூலியும்தான் போகும்.

புதிதாகச் சங்கம் பதிய ஏழு பேர் கையெழுத்து போதும். அதோடு, அந்தத் தொழிலில் வேலை செய்பவர்களில் பத்துச் சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அத்தனை உறுப்பினர் வேண்டும். பீடியில் புதிதாகத் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை; மத்தியத் தொழிற்சங்கங்களோடு இணைந்த பீடிச் சங்கங்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்று ஒப்பந்தம் போடும் வழக்கம் அவர்களால்தான் வந்தது. அப்பர் தைப்பவர்களுக்கு அப்படி ஒரு பின்பலம் குறைவு. அவர்கள் தனியாக நிற்பதைவிட ஷூ ஃபேக்டரிக்குள் வேலை செய்யும் பெண்களோடு ஒரே சங்கத்தில் சேர்வதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பார்ட்டிக்கு எந்த ஆர்டர், வெளியே எவ்வளவு போகிறது என்பதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதாக மத்திய அரசு அறிவித்ததில் பழைய 1948, 1966 சட்டங்களின் இடத்தைப் புதியவை பிடித்துக்கொண்டன. தொழிற்சங்கங்களுக்கு அதில் கடுமையான எதிர்ப்பு உண்டு, பெரும்பாலும் நியாயமான எதிர்ப்பு. பீடிக்கென்று தனியாக இருந்த சட்டம் பெரிய தொகுப்புக்குள் கரைந்தது நமக்கு நஷ்டம்தான். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் 'வீட்டிலிருந்து பணிபுரிபவர்' என்று வரையறை வந்திருக்கிறது, ஆனால் அவரை அமைப்புசாராத் தொழிலாளி என்ற கூடையில் போட்டுவிட்டது. அதாவது நலத்திட்டம் கொடுப்போம், முதலாளியைக் கேட்கமாட்டோம் என்கிற மாதிரி.

ஆனால் கூலித் தொகுப்பில் இரண்டு விஷயங்களைச் சங்கம் பயன்படுத்திக்கொள்ளலாம். முன்பு குறைந்தபட்சக் கூலிக்கு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இப்போது மூன்று வருடம். கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டிய பாரமும் முதலாளி மேல்தான். நல்லது. ஆனால் அவருக்குத்தான் வேலை செய்தேன் என்பதை முதலில் நீங்கள் காட்ட வேண்டுமே? சிட்டை கொடுத்தால் படம் எடுத்து வையுங்கள். கொடுக்காவிட்டால் ஒரு நோட்டில் தேதி, கொடுத்த இலையின் எடை, திருப்பிய எண்ணிக்கை, கழிவு, வந்த பணம் என்று எழுதுங்கள். பீடி இலை எடை குறைவாகக் கொடுத்துவிட்டு முழு ஆயிரம் கேட்பது பழைய திருட்டு. குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள், அந்தக் காசையும் எழுதுங்கள். இப்போது பாதி ஏஜென்டுகள் ஜிபேயில் அனுப்புகிறார்கள், "நாளைக்கு 40 ஜோடி ரெடி பண்ணுங்க" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போடுகிறார்கள். அதை அழிக்காதீர்கள். முப்பது பெண்களின் நோட்டில் ஒரே ஏஜென்டின் பெயரும் ஒரே ரேட்டும் இருந்தால் அதைத் தள்ளிவிட யாராலும் முடியாது.

சொசைட்டி

குடியாத்தம் லுங்கி நெய்கிற குடும்பங்களுக்குச் சொசைட்டி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் நல்லதும் கெட்டதும் அவர்களுக்கு மனப்பாடம். நூல் வரும், கூலி வரும், கைத்தறிக்கு உள்ள திட்டங்கள் வரும். கோ-ஆப்டெக்ஸ் பாக்கி நின்றால் எல்லாம் நிற்கும். வீட்டுக்குள் நூலைத் தார் சுற்றிக் கொடுக்கும் பெண்ணின் பெயர் பல நேரம் உறுப்பினர் பட்டியலிலேயே இருக்காது, தறி ஓட்டும் ஆணின் பெயர்தான்.

கூட்டுறவு ஜெயித்த கதைகளை எல்லாரும் சொல்வார்கள். மும்பையில் 1959இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம். மாவை மையத்தில் பிசைந்து வாங்கிப்போய் வீட்டில் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள், லாபத்தில் பங்கு. இன்னொன்று கண்ணூரில் 1969இல் பிறந்த தினேஷ் பீடி. பீடிச் சட்டத்தை அமல்படுத்தச் சொன்னதும் மங்களூர் முதலாளிகள் கடையைக் கட்டிக்கொண்டு போக, வேலை இழந்தவர்களைச் சேர்த்து அன்றைய கேரள அரசு துணை நின்று தொடங்கியது. இதில் பலரும் சொல்லாமல் விடுவது, தினேஷ் பீடியில் வேலை வீட்டில் இல்லை, கொட்டகையில். பின்னால் அரசின் பணமும் இருந்தது. பீடிக்கு மவுசு குறைந்ததும் அதுவே குடை, உணவுப் பொருள், துணி என்று மாற வேண்டியதாயிற்று.

ஆகவே, பேரணாம்பட்டில் யாராவது "நாமே பீடி பிராண்டு போடலாம்" என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். பீடி குறைந்துகொண்டே போகிற தொழில். அதில் புதிதாக முதல் போடுவது பெண்கள் தலையில் கடன் ஏற்றுவதில்தான் முடியும். அப்பரிலும் சொசைட்டி கஷ்டம். முழு ஷூ செய்தால்தானே விற்க முடியும்? மேல்பாகத்தை மட்டும் தைத்து யாரிடம் விற்பது?

தையலில் நிலைமை வேறு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் சீருடையைத் தைப்பது சமூக நலத்துறையின் கீழ் இருக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தான். துணியை வெட்டிக் கொடுப்பார்கள், உறுப்பினர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்துத் தருவார். வாங்குவது அரசு, கூலியும் அரசு நிர்ணயித்தது. கூலி குறைவு, தாமதமாகிறது என்ற குறைகள் உண்டுதான். ஆனால் அங்கே யாரிடம் கேட்பது என்பதில் குழப்பம் இல்லை. மெஷின் வைத்திருக்கும் பெண் ஏஜென்டிடம் போவதற்கு முன் இந்தச் சங்கத்தின் கதவைத் தட்டிப் பார்க்கலாம். அப்பளம், மசாலா, ஊறுகாய் போன்ற சொந்தச் சரக்குக்காரர்களுக்கும் குழுவாகச் சேர்ந்து பொருளை மொத்தமாக வாங்கி, ஒரே பெயரில் விற்பது லாபம்.

சுய உதவிக் குழுவை மட்டும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குழு, சேமிப்புக்கும் கடனுக்கும் உள்ளது. வட்டிக்காரரிடமிருந்தும் வாரத் தவணைக்காரர்களிடமிருந்தும் காப்பாற்றுகிறது, அந்த வகையில் ஏஜென்டின் முன்பணத்தை அடைத்துவிட்டுத் தலை நிமிரவும் உதவும். அது பெரிய உதவி. ஆனால் கூலி பேசுவது குழுவின் வேலை அல்ல. பல இடங்களில் ஏஜென்ட் என்ன செய்கிறார் என்றால், குழுத் தலைவி அக்காவையே பிடித்து அவர் மூலமாக எல்லாருக்கும் சரக்குப் போடுகிறார், அவருக்கு ஜோடிக்குக் கொஞ்சம் கமிஷன். அன்றிலிருந்து அந்தக் குழுவில் ரேட் பற்றிப் பேச்சே எழாது.

வெளியிலிருந்து அழுத்தம்

இது அப்பர் தைப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும். ஆம்பூர் ஷூ ஐரோப்பாவுக்குப் போகிறது. பெரிய ஜெர்மன் கம்பெனிகள் தங்களுக்குச் சரக்குத் தருபவர்களிடம் தொழிலாளர் உரிமை மீறப்படுகிறதா என்று கண்காணிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 2023 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தது. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2017இல் துணி, காலணித் துறைக்கு வெளியிட்ட வழிகாட்டியில் வீட்டிலிருந்து தைப்பவர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. வெளிநாட்டு பிராண்டுகளைக் கையெழுத்துப் போட வைக்க முடியும் என்பதற்குத் திண்டுக்கல்லில், துணி ஃபேக்டரிப் பெண்கள் மீதான தொல்லையைத் தடுக்க 2022இல் நடந்த ஒப்பந்தம் உதாரணம். பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு சங்கம் அதைச் செய்து காட்டியது. ஆனால் அது ஃபேக்டரிக்குள் இருந்த சங்கம்.

இந்த வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டில் வேலை நடப்பது தெரிந்தால் சில பிராண்டுகள் உடனே செய்வது, "இனி வெளியே கொடுக்காதே" என்று ஃபேக்டரிக்கு உத்தரவு போடுவது. அவர்கள் கை சுத்தமாகிவிடும், தைத்தவர் கையில் வேலை இருக்காது. அல்லது இன்னும் ஒளிவாக, இன்னும் குறைந்த ரேட்டுக்கு வரும். சங்கம் இல்லாமல் புகார் மட்டும் போகக் கூடாது. வேலையை நிறுத்தாதே, எங்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்று என்பதுதான் கோரிக்கையாக இருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை சொல்வதும் இதைத்தான்: வீட்டில் செய்பவருக்கும் மற்றத் தொழிலாளிக்குச் சமமான நடத்துமுறை. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

"பேசாம ஷூ ஃபேக்டரிக்கே போயிடலாமே" என்றும் சிலர் கேட்கிறார்கள். வயதும் வீட்டு நிலைமையும் இடம் கொடுத்தால் தாராளமாகப் போகலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கிடைக்கும். கைக்குழந்தை, படுத்த மாமியார், அனுப்ப மறுக்கும் வீடு என்று இருப்பவர்களிடம் இதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

அப்படியானால் என் தேர்வு என்ன என்று கேட்டால், தொழிலைப் பொறுத்து மாறும். பீடி சுற்றுபவர்களுக்குச் சங்கம்தான் முதலில், பி.எஃப். அதன் முதல் கோரிக்கை, அடையாள அட்டை கூடவே. பி.எஃப். வரும் வாய்ப்பு இருக்கும்போது இ-ஷ்ரமைக் காட்டி ஏமாற்ற விடக் கூடாது. அப்பர் தைப்பவர்கள் இந்த வாரமே காலணி வாரியத்தில் பதிந்துவிட்டு, நோட்டு எழுதத் தொடங்கி, ஃபேக்டரிப் பெண்களோடு சேரும் வழியைத் தேட வேண்டும். இதற்குச் சில வருடம் ஆகலாம். ஊதுபத்திக்காரர்கள் நிலைமைதான் சங்கடம். சரக்கு பெரும்பாலும் பெங்களூருக்குப் போகிறது, மெஷின் வந்த பிறகு கையால் உருட்டுவதற்குக் கிராக்கி குறைந்துவிட்டது. சங்கம் வைத்துப் பேசும் அளவுக்கு அங்கே பிடி இல்லை. வாரியக் கார்டும், குழுக் கடனில் வேறு வேலைக்கு மாறுவதும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் எண்ணம். தையல், சமையல் பொருட்கள் செய்பவர்களுக்குச் சொசைட்டி.

சங்கத்தில் சேருவதென்று முடிவு செய்துவிட்டால், சந்தா கொடுக்கும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரசீது தருவார்களா? நிர்வாகிகளில் பெண்கள் எத்தனை பேர், அதிலும் பீடி சுற்றுகிறவர், அப்பர் தைக்கிறவர் எத்தனை பேர்? போன தடவை கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலைக் காட்டுவார்களா? கூட்டம் எத்தனை மணிக்கு? ராத்திரி எட்டு மணிக்கு வேலூரில் கூட்டம் வைக்கும் சங்கத்துக்குப் பேரணாம்பட்டுப் பெண்கள் வர முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் வைத்தாலும் பாதி வீடுகளிலிருந்து ஆள் வராது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள், தெருவிலேயே யாராவது ஒருத்தர் வீட்டில், முறத்தை மடியில் வைத்துக்கொண்டே உட்காரும்படி கூட்டம் போட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அடுத்த சங்கத்தைப் பாருங்கள்.